முத்திரை தெரியத் திரும்பி நில்

ஜூன் 3, செவ்வாய்

நல்ல சேதி மூன்று சேர்ந்துவிட்டது. வரிசையாக எழுதிவிடுகிறேன். ஒன்றை விட்டால் அதற்கும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து வரும்.

மகள் வயிற்றுப் பேரன், நாங்கள் கப்பல்காரன் என்று கூப்பிடுகிறவன், கப்பல் இன்ஜின் பரீட்சையில் அடுத்த படியும் தேறிவிட்டான். இனி இன்ஜின் அறையில் அவன் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். வீட்டில் அவன் சொன்னால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது, அது வேறு விஷயம். முத்திரை: வலது முழங்கைக்கு மேலே.

மகன் வயிற்றுப் பேத்திகளில் பெரியவள், பதினாலு வயது. வாயைப் பார்த்து வக்கீல் என்று பேர் வைத்தோம். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. எதிராளிப் பிள்ளை மேடையிலேயே அழுதுவிட்டதாம். முத்திரை: இல்லை. பாவம்.

சின்னவள் பட்டாணி, ஆறு வயது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து, நிற்கத் தெரியாமல் வாத்தியார் மேலேயே போய் மோதியிருக்கிறாள். முத்திரை: இடது நெற்றிப் பொட்டில், ஊரே பார்க்கிற இடத்தில்.

முத்திரை என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. பழைய காசு அளவில் சிவப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் வெளுத்த வளையம். பிறக்கும்போதே இருக்கும். போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்குத் தோளில் மூன்று இருந்தன. அவர் அம்மாவுக்குக் கழுத்தில். நான் ஒன்றுமில்லாத உடம்போடு இந்த வீட்டுக்கு வந்தவள், ஆனால் பெற்றது எல்லாம் முத்திரையோடுதான். எந்தக் குழந்தை பிறந்தாலும் முதலில் துணியை விலக்கிப் பார்க்கிறவள் நான். "நம்ம சரக்குதான்" என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள்.

கூடத்துச் சுவரில் எல்லோர் படமும் இருக்கிறது. முத்திரை இருக்கும் பக்கத்தைக் காட்டித்தான் நிற்பார்கள். போட்டோக்காரருக்கே பழகிவிட்டது. நாங்கள் வாசலில் நுழைந்தாலே, "முத்திரை தெரியத் திரும்பி நில்லுங்க" என்பார். மகன் சட்டைக் காலரை இறக்கிவிட்டு முதுகைக் காட்டி, தலையை மட்டும் திருப்பி நிற்கிறான். வந்து பார்க்கிறவர்கள், ஏன் உங்கள் பிள்ளை கோபித்துக்கொண்டு போகிறான் என்று கேட்பார்கள்.

வக்கீலின் படம் பின்னறையில் இருக்கிறது. கூடத்தில் இடம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பட்டாணியின் முத்திரை மற்றவர்களுடையது போல இல்லை. முத்தம் கொடுத்தால் உதட்டில் சூடு தெரியும். உள்ளே துடிக்கும். உயிர் அங்கேதான் குடியிருக்கிறது போல. இன்னொரு முத்திரையும் இதே மாதிரி

வேண்டாம். இன்றைக்கு நல்ல சேதி மட்டும்.

ஜூன் 5, வியாழன்

பட்டாணிக்குத் தலைவலி. வெயிலில் ஓடியதால் என்கிறாள் மருமகள். இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பட்டாணி பால் டம்ளரைக் கீழே போட்டாள். வலது கையில் பிடித்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விரல்கள் தானாகத் திறந்தன. துடைத்துவிட்டு மருமகள் இன்னொரு டம்ளர் கொடுத்தாள். அதுவும் போயிற்று.

மருமகள் கையை ஓங்கினாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முழங்கால் வலிக்காரி. பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன். அவளுக்கு வளையல் தடம் பதிந்துவிட்டது.

"என்ன அத்தை, நான் அடிக்கவா போறேன்? சும்மா மிரட்டினேன்."

"மிரட்டக்கூடாது. தலையில கை வைக்கக்கூடாது. யாரும் வைக்கக்கூடாது."

"சரி, சரி, கையை விடுங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும், இந்தக் கையாலதான் டாக்டருக்கு ஊசி எடுத்துத் தரணும்." அவள் பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

இரண்டு டம்ளர். அன்றைக்கும் இரண்டு டம்ளர்தான்.

ஜூன் 9, திங்கள்

ஒன்றுமில்லை. விளையாடுகிறாள். ஒன்றுமே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி தலைவலி, பள்ளியில் வாந்தி. மகன் லிஃப்ட் ரிப்பேர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். எல்லோரும் குழந்தை டாக்டரிடம் போனோம். சின்னப் பையன் அவர், மீசைகூடச் சரியாக இறங்கவில்லை. பட்டாணியை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், மூக்கைத் தொடச் சொன்னார், முழங்காலில் தட்டினார். எல்லாம் சரி என்றார். அப்புறம் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். சிவப்பு வெளுத்தது, எடுத்ததும் திரும்பி வந்தது.

"இது வேற யாருக்காவது இருக்கா?"

நான் முந்திக்கொண்டேன். "எங்க குடும்பத்துக்கே உண்டு டாக்டர்! இவளுக்கு, இவ அப்பாவுக்கு, அத்தைக்கு, அத்தை மகனுக்கு. அவன் கப்பல்ல இன்ஜினியர். எங்க வீட்டுக்காரருக்கு மூணு!"

எல்லோரும் சிரிக்கிற இடம் அது. டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

மகன் சொன்னான்: "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். படியில விழுந்து."

டாக்டர் என்னைப் பார்த்தார். "விழுந்துதானேம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

டம்ளர் விஷயம் மருமகள் சொல்லவில்லை. அவளுக்கு அது கவனக்குறைவு. நானும் சொல்லவில்லை. முத்திரை சூடாக இருக்கும் என்று சொல்லவில்லை. அவர் கையுறை போட்டிருந்தார், அவருக்குத் தெரிந்திருக்காது.

தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அவசரம் இல்லை, வரிசையில் பேர் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் வரும். வெள்ளிக்கிழமை ஜீன் பார்க்கிற டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசி. விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினோரு வாரம்.

ஜூன் 11, புதன்

எழுதிவிடுகிறேன். நாற்பத்தெட்டு வருஷமாக எழுதாததை.

என் மூத்த பிள்ளை சிட்டு. நாலரை வயது. முத்திரை தலையில், வலது காதுக்கு மேலே, முடிக்குள்ளே. மொட்டை அடித்த அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு மட்டும் முன்பே தெரியும், சீவிவிடும்போது விரலில் சுடும். துடிக்கும். அவரிடம் சொன்னேன். "அவன் ராஜாடி, அதான் கிரீடம் சூடா இருக்கு" என்றார்.

அந்தக் காலையில் டம்ளரைப் போட்டான். இன்னொன்று கொடுத்தேன், அதையும் போட்டான். எனக்கு சலவைக்கூடத்துக்கு நேரம் ஆயிற்று. அப்போதுதான் ஹோட்டல் சலவையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, பிந்தினால் மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவார். அடிச்சுட்டேன். தலையில. பின்மண்டையில. பலமாத்தான் அடிச்சேன்.

மத்தியானம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வாந்தி எடுத்துவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நான் வந்தபோது மூச்சு இருந்தது. சாயங்காலம் இல்லை.

எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். படியில் விழுந்தான் என்றேன். யார் கேட்டாலும் அதே பதில். அவரிடமும் அதே. சொல்லிச் சொல்லி, அவன் விழுவது எனக்குக் கண்ணாலேயே தெரியும்: மூன்றாவது படி, இடது கால்.

என் பிள்ளையை நான்தான் கொன்னேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் இருந்தேன். அதன் பிறகு பெற்ற இரண்டையும் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்பார் அவர்.

இப்போது பட்டாணி டம்ளரைப் போடுகிறாள். அவளை யாரும் அடிக்கவில்லையே.

இதற்கு என்ன அர்த்தம்? நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்படி இருந்தாலும் பயம், அப்படி இருந்தாலும் பயம்.

ஜூன் 13, வெள்ளி

ஜீன் டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, காதில் பென்சில். மகன், மருமகள், நான். பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். முத்திரை உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்பினார். என் வட்டம் வெறுமையாக இருந்தது. வக்கீலின் வட்டமும். ஒரு சதுரத்தில் குறுக்குக் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதினார்: விழுந்து.

பிறகு விளக்கினார். எனக்காக நிதானமாகத்தான் சொன்னார்.

"குழந்தை வயித்துல உருவாகும்போது, ரத்தக்குழாயைக் கட்டுற செல்லெல்லாம் நகர்ந்து நகர்ந்து அது அது இடத்துக்குப் போகணும்மா. போய்ச் சேர்ந்ததும் நிக்கணும். எப்ப நகரணும், எப்ப நிக்கணும்னு அடக்கி நடத்துற ஜீன் ஒண்ணு இருக்கு." பேர் சொன்னார். நாலு எழுத்து, கடைசியில் ஒரு நம்பர், பஸ் நம்பர் மாதிரி. "ஒவ்வொருத்தருக்கும் அது ரெண்டு பிரதி இருக்கும். உங்க வீட்டுக்காரர் வழியில ஒரு பிரதி பழுதா வந்திருக்கலாம்னு நினைக்கிறோம். ரத்தப் பரிசோதனை வந்தாத்தான் உறுதி. பிள்ளைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். காசைச் சுண்டிவிடற மாதிரி, பாதிக்குப் பாதி."

"அப்ப இந்த முத்திரை?" என்றேன்.

"தோல்ல இருக்கிற சின்னக் குழாய்ங்க தாறுமாறா சேர்ந்ததோட அடையாளம். பெரும்பாலும் அதோட போயிடும், ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு மட்டும் உள்ள, மூளையிலயோ முதுகுத்தண்டிலயோ, பெரிய குழாய்ங்களும் அப்படிச் சேர்ந்திருக்கும். வேகமா வர்ற ரத்தம் நடுவுல இருக்க வேண்டிய நுண்குழாய்ங்க வழியா தணிஞ்சு போகாம, நேரா திரும்பற குழாய்க்குள்ள பாயும்."

மகன் புரிந்த மாதிரி தலையாட்டினான். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இருபத்தாறு வருஷம் சலவைக்கூடத்தில் இருந்தவள் நான். கொதிகலனிலிருந்து வருகிற நீராவிக் குழாய் தடித்த இரும்பு. தொட்டிக்குப் போகிற குழாய் ரப்பர். நடுவில் வேகத்தைத் தணிக்கிற வால்வு. ஒரு தரம் அவசரத்தில் குழாய்க்காரர் வால்வை விட்டுவிட்டு நேராக இணைத்துவிட்டார். ஒரு நாள் தாங்கியது, இரண்டு நாள் தாங்கியது. ரப்பர் சுரைக்காய் மாதிரி உப்பியது. தொட்டால் சூடு. உள்ளே துடிக்கும். மூன்றாம் நாள் வெடித்தது. பக்கத்தில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தொடை முழுக்க வெந்துபோயிற்று.

தொட்டால் சூடு. உள்ளே துடிக்கும். இதற்குத்தானா இத்தனை வருஷம் முத்தம் கொடுத்தேன்?

வாயைத் திறந்தேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூடிக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

பட்டாணி இடது கையால் சாப்பிடுகிறாள். "ஏன்டி?" என்றால், "அந்தக் கை தூங்குது பாட்டி" என்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

என்ன பெண் நான்? என் மானம் பெரிதா? மகன் என்னைக் கொலைகாரி என்று நினைப்பான் என்பதற்காக ஆகஸ்ட் வரை காத்திருக்கப் போகிறேனா? ரப்பர் ஆகஸ்ட் வரை தாங்குமா?

நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 16, திங்கள்

கால் வலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தனியாக. பேர் பதியவில்லை, பார்க்க முடியாது என்றாள் வாசலில் இருந்த பெண். "நான் உட்கார்ந்திருக்கேன்மா, அவங்க சாப்பிடப் போகும்போது பின்னாலயே போறேன்" என்றேன். உள்ளே விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா அதே தாளை எடுத்தார். குறுக்குக் கோடு போட்ட சதுரத்தில் விரலை வைத்தேன்.

"இவன் விழலை."

எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், அடி, வாந்தி. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் தலையில இருந்த முத்திரை தொட்டா எப்படி இருக்கும்?"

"சூடா. துடிக்கும்."

"பேத்திக்கு?"

"அதே மாதிரி. இப்ப இவளும் டம்ளரைப் போடறா. வலது கை தூங்குதுன்னு சொல்றா."

எழுந்துவிட்டார். நின்றபடியே போனை எடுத்து யாரிடமோ பேசினார். ஆகஸ்ட் என்ற சொல்லே வரவில்லை. நாளை மறுநாள் காலை எட்டு மணி என்பது காதில் விழுந்தது. குழந்தையை ஓடவிட வேண்டாம், மறுபடி வாந்தி எடுத்தாலோ தூங்கி விழுந்தாலோ நேராகக் கூட்டி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"நான் அடிச்சதாலயா டாக்டர்?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். "தெரியாதும்மா. அன்னைக்குப் பார்த்திருந்தாத்தான் சொல்ல முடியும். நான் பொய் சொல்ல மாட்டேன்." பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஆனா டம்ளர் விழுந்தது முதல்ல. அடி அப்புறம்தானே?"

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

டம்ளர் முதலில். அடி அப்புறம்.

ஜூன் 17, செவ்வாய்

மகனிடம் சொன்னேன். மருமகளும் இருந்தாள். வக்கீல் கதவுக்குப் பின்னால் இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

மகன்தான் முதலில் கேட்டான். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒவ்வொரு தடவை நான் படியில ஓடும்போதும் கத்துவியே. 'அண்ணன் மாதிரி விழுந்துடாதே'ன்னு. அதுவும் நடிப்பாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"இதை அன்னிக்கு அந்த டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வாரம் முன்னாடி ஸ்கேன் கிடைச்சிருக்கும். ஒரு வாரம்மா!"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள், அன்றைக்கு நான் பிடித்த அதே இடத்தில். "நீங்க பிடிக்கலைன்னா அடிச்சிருப்பேன் அத்தை" என்றாள். "மிரட்டினேன்னு சொன்னது பொய்."

இரண்டு பேரும் அழுதோம். பட்டாணி வந்து, "யாரு உங்களை அடிச்சா?" என்று கேட்டாள்.

ஜூன் 18, புதன்

இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. படத்தில் காட்டினார்கள். மூளையின் இடது பக்கம், கறுப்பாக, நூல்கண்டைப் பூனை கலைத்துவிட்டது மாதிரி. அதிலிருந்து ஒரு குழாய் வெளியே வருகிறது. உப்பிப்போய். சுரைக்காய்.

இன்னும் வெடிக்கவில்லை. கொஞ்சம் கசிந்திருக்கலாமாம், அதனால்தான் தலைவலி.

இங்கே செய்ய முடியாது, வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொடையிலிருந்து மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தலைவரைக்கும் கொண்டுபோய், பிசின் மாதிரி ஒன்றை ஊற்றி அடைப்பார்களாம். ஒரே தடவையில் முடியாது. ஆபத்து என்ன என்று மகன் கேட்டான். டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 21, சனி

மூன்று பேரும் கிளம்பினார்கள். நானும் வக்கீலும் வீட்டில்.

பட்டாணி வாசலில் நின்று, "பாட்டி, முத்தம்" என்று நெற்றியைக் காட்டினாள். எப்போதும் முத்திரையில்தான் கொடுப்பேன். குனிந்தேன், பயந்துபோய் மூக்கில் கொடுத்தேன். "தப்பான இடம்!" என்று கத்தினாள்.

மகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். காரில் ஏறும்போது மட்டும், "மாத்திரையைச் சாப்பிடு" என்றான்.

ஜூன் 23, திங்கள்

கப்பல்காரன் நடுக்கடலிலிருந்து பேசினான். கரைக்கு வந்ததும் அவனும் அவன் அம்மாவும் ஸ்கேன் எடுக்க வேண்டும். "கவலைப்படாதே பாட்டி, என் இன்ஜின்ல எந்தக் குழாயும் உப்பலை, தினமும் தட்டிப் பார்க்கறேன்" என்கிறான். சிரித்தான். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு உடைந்தது.

சுவரைப் பார்த்தேன். எல்லோரும் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அபாயம் என்று எழுதி வைத்த பலகையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற மாதிரி. நான்தான் பிடிக்க வைத்தேன்.

ஜூன் 25, புதன்

வக்கீல் இன்றைக்கு வாதாடினாள்.

"என் போட்டோ ஏன் பின்ரூம்ல இருக்கு?"

"கூடத்துல இடம் இல்ல."

"கூடத்துல காலண்டர் ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு போன வருஷத்தோடது. சாட்சி போதுமா?"

அதோடு விடவில்லை அவள்.

"எனக்கு முத்திரை இல்ல. அதான? சின்ன வயசுல சிவப்புப் பேனாவால முட்டியில வரைஞ்சுக்கிட்டு வந்து உன்கிட்ட காமிச்சேன். எச்சில் தொட்டு அழிச்சுட்டு, 'போடி கள்ளி'ன்னு சிரிச்சே. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அது வேடிக்கை என்று நினைத்திருந்தேன்.

"இப்ப எல்லாரும் நான் அதிர்ஷ்டக்காரின்னு சொல்றாங்க. டாக்டர்கூடச் சொன்னாங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு வந்திருக்காதுன்னதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு பாட்டி. ஒரே ஒரு நிமிஷம். பட்டாணிக்கு ஏதாவது ஆனா அந்த நிமிஷம்தான் காரணம்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "அப்படி எதுவும் இல்லடி. ஒரு நிமிஷத்தால யாருக்கும் எதுவும் ஆகாது. தப்பான கணக்கைப் போட்டு அதையே சுமந்துக்கிட்டுத் திரியாதே. நான் திரிஞ்சேன். போதும், இந்த வீட்டுல ஒருத்தி திரிஞ்சது போதும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, நான் சொன்னது.

ஜூன் 30, திங்கள்

நாளைக் காலை ஏழு மணிக்கு.

ஜூலை 1, செவ்வாய்

மணி எட்டு. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஒன்பது. வக்கீல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். இருக்கட்டும்.

பத்து. வீட்டிலுள்ள விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தேன். அழுக்கில்லாததையும்.

பதினொன்றரை. போன் அடித்தது. யாரோ எதையோ விற்கிறவன். அவனை அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

ஒன்று. ஒன்றும் இல்லை. ஏன் இத்தனை நேரம்? நாலு மணி நேரம் என்றார்களே.

இரண்டு மணி பத்து நிமிஷம். மகன். "அம்மா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். மூச்சு மட்டும் கேட்டது. "சொல்லுடா, சொல்லித் தொலைடா" என்று கத்தினேன்.

"இருக்கா. இருக்காம்மா. பாதிக்கு மேல அடைச்சுட்டாங்க."

ஜூலை 3, வியாழன்

கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். வலது கை அசையவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அசையவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கட்டைவிரல். மருமகள் அழுதுகொண்டே சொன்னாள், கட்டைவிரலை மடக்கினாளாம். கை பழக்கிவிடுகிற பெண்மணி, பூரண குணம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறாராம். மூன்று மாதம் கழித்து மிச்சத்தையும் அடைக்க வேண்டும். அதுவரைக்கும் பயம்தான். ஆனால் ரப்பர் இப்போது உப்பவில்லை, வேகம் தணிந்துவிட்டது என்று படத்தில் தெரிகிறதாம்.

மகன் போனை வாங்கினான். "அண்ணன் போட்டோ ஏதாவது இருக்காம்மா? நான் பார்த்ததே இல்ல."

இருக்கிறது. ஒன்றே ஒன்று. என் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், கவிழ்த்து.

ஜூலை 11, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த பஸ் நம்பர் ஜீன்தான். மகனுக்கும் பட்டாணிக்கும். வக்கீலுக்கு இல்லை. அவள் அந்தக் காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். சாயங்காலம் சுத்தியல் எங்கே என்று கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மருமகளுக்கு எழுதிய கடிதத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நாளை வக்கீல் தபாலில் போடுவாள்.

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வக்கீல் சமைக்கிறாள், சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறேன்.

கூடத்துச் சுவரை மாற்றிவிட்டேன், வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. காலண்டர் இரண்டையும் எடுத்தாயிற்று. நடுவில் வக்கீலின் படம், பரிசுக் கோப்பையோடு. அதற்கு இடது பக்கம் என் சிட்டு. மூன்று வயதில் எடுத்தது, தொப்பி போட்டிருப்பான், முத்திரை தெரியாது. கண் மட்டும் தெரியும். உன் வீட்டுக்காரனுக்கு அப்படியே அந்தக் கண். வந்ததும் அவனுக்குக் காட்டு. அவன் என்ன கேட்டாலும் சொல்கிறேன்.

வலது பக்கம் ஓர் ஆணி சும்மா இருக்கிறது. பட்டாணியைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் எனக்கு ஆகாது, என் போனில் எல்லோரும் எறும்பு மாதிரிதான் தெரிவார்கள், ஆணியிலும் மாட்ட முடியாது. தலை மொட்டையாக இருந்தால் பரவாயில்லை. கட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. எடுக்கிறவர் எப்படி நிற்கட்டும் என்று கேட்டால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பட்டும் என்று சொல். சிரித்தாலும் சரி, முறைத்தாலும் சரி.

அட்டை வைத்து அனுப்பு, மடங்கிவிடப் போகிறது. பின்பக்கம் அவளையே பட்டாணி என்று எழுதச் சொல். கோணலாக வந்தால் திருத்தாதே. எந்தக் கையால் எழுதினாள் என்று மட்டும் ஒரு ஓரத்தில் நீ எழுது.